மலையின் பெயரும் மனிதரின் பெயரும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக் கடற்கரைக்குப் போகும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. அந்த மலைக்கு வேதகிரி என்றும் வேதாசலம் என்றும் பெயர். 1876-ல் நாகப்பட்டினத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு அந்த மலையில் எழுந்தருளியுள்ள இறைவனின் திருநாமத்தைச் சூட்டினார்கள். நாற்பது வருஷங்களுக்குப் பிறகு அந்தக் குழந்தை தன் பெயரைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டது. வேதம் 'மறை' ஆயிற்று. அசலம் 'மலை' ஆயிற்று. அவர்தாம் மறைமலையடிகள்.

வடமொழி தெரியாததனால் அதை வெறுத்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காளிதாசனின் சாகுந்தலத்தை 1907-ல் தமிழில் கொண்டுவந்தவரே அவர்தாம்! சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பதின்மூன்று வருஷம் தமிழ் கற்பித்துவிட்டு, 1911-ல் பல்லாவரத்தில் குடியேறித் துறவு பூண்டார். ஒருநாள் இராமலிங்க அடிகளின் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தபோது, அதில் வரும் 'தேகம்' என்ற சொல்லுக்குப் பதில் 'யாக்கை' என்றிருந்தால் இன்னும் அழகாயிருக்குமே என்று மகள் நீலாம்பிகையிடம் சொன்னாராம். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது இப்படித்தான். 'ஞானசாகரம்' பத்திரிகையும் 'அறிவுக்கட'லாக மாறியது.

சிரித்தவர்கள் பலர். ஆனால் இன்று அக்கிராசனர் எங்கே, அபேட்சகர் எங்கே? தலைவரும் வேட்பாளரும் அல்லவா மேடையில் நிற்கிறார்கள்! அடிகளைப் போலத் தூய தமிழ் எழுத எனக்கு வராது; இந்தக் கட்டுரையே அதற்குச் சாட்சி. ஆயினும் நான் எழுதும் தமிழில் பாதி அவர் துணிவினால் கிடைத்தது என்பதை மறுக்கமாட்டேன்.

சொல்லில் தொடங்கியது அரசியலில் போய் நின்றது. 1938-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. அந்த வருஷம் நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். ஈ.வே.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் அளித்தது அந்த மாநாடுதான். வேடிக்கையைப் பாருங்கள்: அடிகளோ பழுத்த சைவர், அவருடைய கருத்தைத் தோளில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களோ கடவுள் இல்லை என்றவர்கள்!

தத்துவ ஆசிரியர்களின் தலைவிதியே இதுதான் போலும். ருஷ்யாவில் இவான் இலியின் என்றொரு தேசியவாதி இருந்தார். 1922-ல் லெனின் அரசாங்கம் அவரை நாடுகடத்தியது. 1954-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார். 2005-ல் அவருடைய எச்சங்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 2022-ல் உக்ரைனின் நான்கு பகுதிகளை இணைத்துக்கொள்ளும்போது, புதின் தம் உரையை இலியினின் வாசகத்தைக் கொண்டே முடித்தார். எழுதியவர் இறந்தபின் எழுத்தை யார் கையில் எடுப்பார்கள் என்பதை யாரே அறிவார்? அடிகளின் எழுத்தை எடுத்தவர்கள் பீரங்கியோடு வரவில்லை. அகராதியோடும் வாக்குச்சீட்டோடும் வந்தார்கள். அது நம்முடைய பாக்கியம்.

ஆனாலும் ஒரு கேள்வியை விழுங்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 'தமிழர்' என்றால் யார்? 1923-ல் அடிகள் எழுதிய 'வேளாளர் நாகரிகம்' என்ற நூல், தமிழர் நாகரிகத்தின் பெருமையை ஒரு குலத்தின் தலையில் சூட்டிப் பார்த்தது. ஆறு வருஷம் கழித்து, 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு வேறு விதமாகப் பேசியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அது தீர்மானித்தது. மொழியைச் சலித்தெடுத்தவர் பல்லாவரத்தில் இருந்தார். மனிதரைச் சலித்தெடுக்கும் சல்லடையைத் தூக்கி எறியச் சொன்னவர்கள் செங்கற்பட்டில் கூடினார்கள். இரண்டுக்கும் இடையே முப்பது மைல்கூட இல்லை.

இன்று அந்தச் சாலையிலேயே மறைமலை நகர் என்ற ஊர் எழுந்திருக்கிறது. அவருக்கு அது தகுந்த மரியாதைதான். அடிகள் கொடுத்த சொற்களை நாம் வைத்துக்கொள்வோம். அந்தச் சொற்களுக்குள் யார் யார் குடியிருக்கலாம் என்பதைச் செங்கற்பட்டு மாநாட்டைக் கேட்டே தீர்மானிப்போம்.