காசை வாங்குவார்கள், நாற்காலியைத் தரமாட்டார்கள்

தேநீர்க் கடையில் தனி டம்ளர் வைப்பதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கும். "அவங்களுக்கும் டீ கொடுக்கத்தானே செய்றாங்க, யார் மறுத்தா?" கேட்பவர்கள் நியாயம் பேசுவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இதே கேள்வியை 80 ஆண்டுகளுக்கு முன் சிகாகோவில், ஒரு சின்ன காபிக் கடையில், கறுப்பின மக்களும் எதிர்கொண்டார்கள். அவர்கள் அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அந்த வரலாறு நம் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

சிகாகோ குளிரும் ஊர். மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று எலும்பைத் துளைக்கும். குளிர்காலத்தில் பல நாட்கள் தண்ணீர் உறையும் நிலைக்குக் கீழேதான் இருக்கும். நம் ஊரில் கடை வாசலில், வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்துவிட்டுப் போகலாம். அங்கே அது முடியாது. கதவைத் திறந்து உள்ளே போனால்தான் சூடு, வெளிச்சம், ஒரு கோப்பை காபி. அப்படிப்பட்ட ஊரில் தெருமுனை உணவகம் ஆடம்பரம் அல்ல. வேலை முடிந்து வருகிறவர் விறைத்த கையைச் சூடாக்கிக்கொள்ளும் இடம். அங்கே ஒருவரை உள்ளே விடாமல் இருப்பது அவரைக் குளிரில் நிறுத்துவதாகும்.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் பருத்திக் காட்டையும், பண்ணையார் கணக்குப் புத்தகத்தையும், மரத்தில் கட்டித் தூக்கிக் கொல்லும் கும்பலையும் விட்டு வடக்கே கிளம்பினார்கள். 1910இல் சிகாகோவில் அவர்கள் ஏறக்குறைய 44 ஆயிரம் பேர். 1940இல் சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம் பேர். இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் ரயில்வேயிலும் வேலை கிடைத்தது. குடியிருக்க மட்டும் நகரின் தெற்கே ஒரு குறுகிய பட்டை நிலம். அதற்கு வெளியே உள்ள வீடுகளை வெள்ளையர் அல்லாதவர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒப்பந்தப் பத்திரமே எழுதிக்கொண்டார்கள். ஊரும் சேரியும் என்று நமக்குப் பழக்கமான வரைபடம்தான் அது. அவர்கள் அதைப் பத்திரத்தில் எழுதினார்கள், நம் ஊரில் எழுதத் தேவையே இருக்கவில்லை. 1919 ஜூலையில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் ஏரியில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தாண்டி மிதந்துவிட்டான் என்று கல்லெறிந்தார்கள். அவன் மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரயில்களில் படுக்கைப் பெட்டிகளை ஓட்டிய புல்மன் கம்பெனியின் தலைமையிடம் சிகாகோ. அந்தப் பெட்டிகளில் படுக்கை விரித்தவர்களும், உணவுப் பெட்டிகளில் பரிமாறியவர்களும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் கையால் எடுத்து வைத்த தட்டில் வெள்ளையர் சாப்பிட்டார்கள். அதே ஆள் இறங்கி வந்து நகரத்து உணவகத்தில் உட்கார்ந்தால் மட்டும் தீட்டு. சமைக்கலாம், பரிமாறலாம், தட்டு கழுவலாம், பக்கத்தில் உட்காரத்தான் கூடாது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. உணவகம் உள்ளிட்ட பொது இடங்களில் நிறத்தின் பேரில் யாரையும் மறுக்கக் கூடாது என்று இல்லினாய் மாநிலம் 1885இலேயே சட்டம் போட்டுவிட்டது. அதைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் ஜான் தாமஸ். அடிமையாகப் பிறந்து, அந்த மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர். அதற்கு முன் 1875இல் நாடு முழுமைக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தது, 1883இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. நாடு கைவிட்டதை ஒரு மாநிலத்திலாவது மீட்கத்தான் அந்த 1885 சட்டம்.

ஆக, தென்மாநிலங்களைப்போல 'வெள்ளையருக்கு மட்டும்' என்று சட்டம் போட்டுப் பிரிக்கும் ஊர் அல்ல சிகாகோ. ஆனாலும் உள்ளே போன கறுப்பினத்தவர் மணிக்கணக்கில் கவனிப்பாரின்றி உட்கார்ந்திருப்பார். காலியாகக் கிடக்கும் மேசையை 'முன்பதிவு' என்பார்கள். அவருக்கு மட்டும் விலை கூடும். உணவில் உப்பு கூடும். 1919 கலவரத்தை விசாரித்த குழு 1922இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, உணவகங்களில் நடந்த இந்தப் பாகுபாட்டையும் பதிவு செய்திருக்கிறது. சட்டம் பிறந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்தும் இதே நிலைதான்.

1942இல் சிகாகோவில் சில இளைஞர்கள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் ஃபார்மர் என்ற கறுப்பின இளைஞரும், ஜார்ஜ் ஹவுசர், பெர்னிஸ் ஃபிஷர், ஜேம்ஸ் ராபின்சன் முதலிய வெள்ளை இனத்தவரும் அதில் இருந்தார்கள். பின்னாளில் 'கோர்' என்ற பெயரில் நாடறிந்த இனச் சமத்துவப் பேரவை அதுதான்.

தெற்குச் சிகாகோவின் கென்வுட் பகுதியில், 47ஆம் தெருவில் ஜாக் ஸ்ப்ராட் காபி ஹவுஸ் என்று ஒரு கடை. பெரிய ஓட்டல் ஒன்றும் இல்லை, அக்கம்பக்கத்தார் வந்து போகும் சாதாரணக் கடை. ஃபார்மரும் ராபின்சனும் போனபோது ஃபார்மருக்குப் பரிமாற மறுத்தார்கள். கோர் அமைப்பினர் உடனே கூச்சல் போடவில்லை. கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் பேசினார்கள், நேரில் போய்ப் பேசிப் பார்த்தார்கள். எதுவும் நகரவில்லை. 'கறுப்பர்களை உட்காரவைத்தால் வெள்ளை வாடிக்கையாளர் போய்விடுவார்கள்' என்பதுதான் அந்நாளைய உணவக முதலாளிகளின் பொதுவான சாக்கு. நம் ஊர்க் கடைக்காரர் சொல்வதும் அதேதான்: "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஊர்க்காரங்க வரமாட்டாங்க."

1943 மே மாதத்தில் ஒருநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் இரண்டு பேராக, மூன்று பேராக, நான்கு பேராக அந்தக் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கறுப்பினத்தவர். கடைக்காரர்கள் வெள்ளையருக்குப் பரிமாறினார்கள். அவர்களோ தட்டைத் தொடவில்லை. எங்கள் நண்பருக்கும் வந்தால்தான் சாப்பிடுவோம் என்று காத்திருந்தார்கள். நிர்வாகி அம்மாள் முதலில் சொன்ன சமாதானம் இது: கறுப்பர்கள் நிலவறைக்குப் போகட்டும், அங்கே பரிமாறுகிறோம். யாரும் எழவில்லை. அடுத்து, பின்னால் மூலையில் இருக்கும் மேசைகளுக்குப் போகட்டும் என்றார். அதற்கும் யாரும் எழவில்லை. கடைசியில் போலீசைக் கூப்பிட்டார். வந்த போலீஸ், இவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, வெளியேற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. வேறு வழியின்றி எல்லாருக்கும் பரிமாறினார்கள். பிறகு சோதித்துப் பார்க்கப் போனவர்களுக்கும் மறுப்பில்லை.

அந்த நிலவறையை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே காபி, அதே ரொட்டி, அதே விலை. பசி தீரும், குளிரும் தெரியாது. உணவை மறுத்தார்கள் என்று வழக்குப் போடக்கூட இடமில்லாமல் செய்துவிடலாம். அப்படியானால் எதை மறுத்தார்கள்? இன்னொருவருக்குச் சமமாகப் பக்கத்தில் உட்காரும் இடத்தை. தனி டம்ளரும் இந்த நிலவறைதான். தேநீர் தருகிறார்களே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். நாம் கேட்பது தேநீரை அல்ல.

அடுத்த மாதம் நகர மையத்தில் இருந்த ஸ்டோனர்ஸ் என்ற உணவகத்துக்கு இந்தப் போராட்டம் போனது. அந்த இடம் வசதியானவர்கள் வருவது, முரண்டும் அதிகம். சோதனைக்காகப் போன கறுப்பினத்தவர்களுக்கு அங்கே முட்டை ஓட்டைத் தூவிய இறைச்சியும், வாயில் வைக்க முடியாத அளவு உப்புக் கொட்டிய உணவும், குப்பையிலிருந்து எடுத்த தக்காளிக் காம்பை வைத்த ரொட்டியும் தந்தார்கள் என்று ஜார்ஜ் ஹவுசர் எழுதிவைத்திருக்கிறார். தட்டு வந்தது, உணவும் வந்தது. சட்டத்தின் கண்ணில் பரிமாறியாகிவிட்டது! அங்கேயும் அறுபது பேருக்கு மேல் போய் உட்கார்ந்துதான் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்தப் போராட்ட முறை அவர்களுக்குக் கிடைத்த வழியையும் சொல்ல வேண்டும். 1930இல் தண்டி யாத்திரையில் நடந்த கிருஷ்ணலால் ஸ்ரீதராணி அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், 1939இல் சத்தியாகிரகம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைத்தான் கோர் இளைஞர்கள் பாடம்போலப் படித்தார்கள். முதலில் விசாரணை, பிறகு பேச்சுவார்த்தை, பிறகு ஊரறியச் சொல்வது, கடைசியில் நேரடி நடவடிக்கை. இந்தியாவிலிருந்து போன ஆயுதம் என்று பெருமை பேசுகிறவர்கள் இங்கே பலர். பேசட்டும். ஆனால் அந்தப் பெருமைக்குள் மகத் வராமல் போவதைத்தான் நாம் ஏற்க முடியாது.

பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் போலே தீர்மானத்தை நிறைவேற்றியது. 1924இல் மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பழிவாங்க வந்த சாதி இந்துக்கள், பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து, சோற்றை மண்ணில் போட்டு மிதித்தார்கள். பிறகு குளத்தில் சாணமும் கோமியமும் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். சிகாகோவின் 1885 சட்டமும் பம்பாயின் 1923 தீர்மானமும் ஒரே இடத்தில்தான் நின்றன: வாசலுக்கு வெளியே. இரண்டையும் உள்ளே இட்டுச் சென்றது மனிதர்களின் கால்கள்.

1964இல் அமெரிக்கா முழுமைக்கும் குடியுரிமைச் சட்டம் வந்தது. உடனே வழக்குக்குப் போனவர்களில் ஒருவர் அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருந்த ஆலீஸ் பார்பெக்யூ உணவகத்துக்காரர். அந்தக் கடையில் 36 ஊழியர்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். கறுப்பின வாடிக்கையாளர் காசு கொடுத்துப் பார்சல் வாங்கிப் போகலாம். உள்ளே உட்கார முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடைக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு நின்றது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்ற காலில். கடைக்கு வரும் இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வருகிறது, அதனால் மைய அரசின் சட்டம் செல்லும் என்றார்கள். நம் அரசியலமைப்புச் சட்டம் அப்படிச் சுற்றிவளைக்கவில்லை. பிரிவு 15 கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லியே திறந்துவிடுகிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தேன் என்கிறது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. எழுத்தில் நம்முடையது அவர்களுடையதைவிட நேர்மையானது. நடப்பில்?

நடப்பில் நம் கடைகள் சிகாகோவின் தந்திரங்களைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டன. கொட்டாங்குச்சி போய் அலுமினிய டம்ளர் வந்தது. தனி டம்ளர் வழக்கு ஆகும் என்று தெரிந்ததும், ஊருக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்குப் பேப்பர் கப் என்று சில ஊர்களில் மாறியது. கேட்டால் சுகாதாரம் என்கிறார்கள். பெஞ்சு இருக்கும் கடையில் நம்மவர் மட்டும் நின்று குடிப்பார், கேட்டால் அவருக்கு அவசரம் என்கிறார்கள். நகரத்தில் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் மறியல் நடத்தி, ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்தார். அது பெரிய போராட்டம், மறுக்கவில்லை. ஆனால் பலகையே இல்லாத கிராமத்து டீக்கடைக்கு அந்தப் போராட்டம் போதவில்லை. அங்கே சாதி எழுதிவைக்கப்படவில்லை, அலமாரியில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தது.

இதற்கு மருந்தாகத்தான் கோயில்களில் சமபந்தி விருந்து நடத்துகிறது அரசு. அமைச்சர் வருவார், வடை பாயசத்தோடு இலை போடுவார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விருந்தில் நாம் அழைக்கப்பட்டவர்கள். அழைப்பவர் அழைக்காமலும் இருக்கலாம். டீக்கடை பெஞ்சில் அழைப்பு தேவையில்லை. காசு கொடுத்து, கால்மேல் கால் போட்டு, நேற்றைய பேப்பரைப் புரட்டிக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல் உட்காரலாம். சமத்துவம் விருந்து நாளில் தெரியாது, வெறும் செவ்வாய்க்கிழமையில்தான் தெரியும்.

ஜாக் ஸ்ப்ராட் இருந்த 47ஆம் தெருவுக்குச் சற்றுத் தெற்கே, 53ஆம் தெருவில் வலாய்ஸ் என்று ஒரு கஃபே, 1921இலிருந்து நடக்கிறது. மிட்செல் டுனீயர் என்ற சமூகவியலாளர் அங்கே அன்றாடம் வந்து சாப்பிடும் கறுப்பின உழைப்பாளிகளோடு பழகி, 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலில் பெரிய சம்பவங்கள் இல்லை. தெற்கிலிருந்து வந்த, நிறவெறியை முழுதாக விடாத ஒரு வெள்ளைக் கிழவரும், அவரைத் தன் தகப்பனைப்போலக் கவனித்துக்கொள்ளும் ஒரு கறுப்பின மெக்கானிக்கும் வருகிறார்கள். அந்த மெக்கானிக் நின்று பரிமாறுகிறவர் அல்ல. தன் மேசையில் உட்கார்ந்து, தன் காசில் சாப்பிடுகிறவர். அதனால்தான் அவர் காட்டுவது பணிவு அல்ல, அன்பு. சமமாக உட்கார்ந்த பிறகுதான் மனிதர் மனிதரிடம் அன்பு காட்ட முடியும். அதற்கு முன் அது ஊழியம்.

சிகாகோவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. தெற்குச் சிகாகோவின் வறுமையும் ஒதுக்கமும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆனால் உட்கார்ந்து வாங்கிய நாற்காலியை யாரும் திரும்பப் பிடுங்கவில்லை. நம் ஊரிலும் சட்டம் கையில் இருக்கிறது, கடை தெருமுனையில் இருக்கிறது, பெஞ்சு காலியாகத்தான் கிடக்கிறது. பேப்பர் கப்பை நீட்டினால் கண்ணாடி டம்ளரைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். சாதி வேண்டாம் என்று சொல்லும் ஊர் நண்பர்களையும் அழைத்துப் போங்கள். அவர்களும் உங்களுக்கு வரும்வரை குடிக்காமல் காத்திருக்கட்டும். அவர்கள் சொல் உண்மையா என்பது அந்தப் பெஞ்சில் தெரிந்துவிடும்.