வட்டத்தொட்டி: பேசுவதற்காகவே பயணம் போனவர்கள்

குற்றாலத்துக்கு எதற்குப் போவார்கள்? குளிக்க. பிறகு சாப்பிட. பிறகு திரும்பவும் குளிக்க. கடையநல்லூர்க்காரர்களுக்கு இது பெரிய பயணமே இல்லை. தென்காசி வரை ரயிலோ பஸ்ஸோ, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர். சாரல் விழ ஆரம்பித்ததும் கையில் ஒரு துண்டோடு கிளம்பிவிடுவோம்.

ஆனால் எண்பது வருஷத்துக்கு முன்னால், குளிப்பதை இரண்டாவது காரணமாக வைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போன ஒரு கூட்டம் இருந்தது. முதல் காரணம் பேச்சு! ஒரு மனிதர் பேசுவதைக் கேட்க, அவரோடு பேச, ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தையே கழிக்க. அந்த மனிதர் ரசிகமணி டி.கே.சி. முழுப்பெயர் டி.கே. சிதம்பரநாத முதலியார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்துபோகிற பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற கதையைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் 'வட்டத்தொட்டி' என்ற பெயர். தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும், சுற்றிலும் தாழ்வாரம். தொட்டிக்கட்டு வீடு என்பார்கள். டி.கே.சி.க்கு வண்ணார்பேட்டையில் இப்படி ஒரு வீடு. 1920களில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி ஆனால் நண்பர்கள் அங்கே வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சங்கம், கழகம் என்றால் நமக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், சந்தா, பொன்னாடை எல்லாம் நினைவுக்கு வரும். இங்கே அது எதுவும் கிடையாது. டி.கே.சி. சட்டம் படித்தவர். 1927ல் சென்னை சட்டசபைக்குப் போனார் (அன்றைக்குக் கவுன்சில் என்பார்கள்). 1930 முதல் 1935 வரை அறநிலையத்துறை ஆணையராக இருந்தார். ஆனால் யாரும் அவரை வக்கீல் என்றோ ஆணையர் என்றோ நினைவு வைத்துக்கொள்ளவில்லை. பாட்டை அனுபவிக்கத் தெரிந்தவர், அந்த அனுபவத்தை அடுத்தவருக்கு அப்படியே கொடுக்கத் தெரிந்தவர் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். கம்பன் பாட்டு ஒன்றை எடுப்பார். வேகமாகப் படிக்க மாட்டார். சொல் சொல்லாக நிறுத்துவார், திரும்பச் சொல்வார், எங்கே மூச்சு நிற்கிறது என்று காட்டுவார். அர்த்தத்துக்கு நிகண்டைத் தேட வேண்டாம், காதில் விழுகிற விதத்திலேயே பாதி அர்த்தம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

பிற்காலத்தில் அவர் குற்றாலத்தோடு தங்கிவிட்டார். வட்டத்தொட்டியும் கூடவே வந்துவிட்டது. இப்போது வருகிறவர்கள் ஞாயிறு மாலைக்கு மட்டும் வரவில்லை, பல நாள் தங்கினார்கள். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். நீதிபதி எஸ். மகராஜன், அ. சீனிவாசராகவன், பாஸ்கரத் தொண்டைமான் என்று வரிசை நீளும். காலையில் அருவி, பிறகு சாப்பாடு, பிறகு பேச்சு, நடுவில் மறுபடியும் அருவி. 'குற்றால முனிவர்' என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. (முனிவர் வீட்டில் சாப்பாடு பலமாக இருந்தது என்பது வேறு விஷயம்.)

இங்கே போக்குவரத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு ரயில் பாதை வந்து சேர்ந்தது 1903ல். அடுத்த வருஷமே மலையைக் குடைந்து கொல்லம் பக்கம் போய்விட்டது. நம்ம பக்கத்துப் பாதை, அதாவது விருதுநகரிலிருந்து சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசி வருவது, 1927ல்தான் திறந்தது. ரயில் வந்த பிறகுதான் நடுத்தர மனிதன் ஒருவன் ஒரு நண்பனைப் பார்க்க மட்டும், வேறு எந்த வேலையும் இல்லாமல், நூறு மைல் போய்வர முடிந்தது. மூன்றாம் வகுப்பு பெட்டி சொகுசாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி 1917லேயே காந்தி ஒரு சிறு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் மலிவு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற வண்டியில், எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு நண்பர்கள் பேசாமல் வேறு என்ன செய்வார்கள்? இதை இன்றைக்கும் சோதித்துப் பார்க்கலாம். காரில் போகும்போது பாட்டுக் கேட்கிறோம். பாசஞ்சரில் போகும்போதுதான் கதை பேசுகிறோம்.

அப்படி ஒரு ஜோடி நண்பர்கள்தான் இந்தக் கதையில் எனக்கு ராஜாஜியை விடவும் கல்கியை விடவும் முக்கியமாகப் படுகிறார்கள்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கரிசல் கிராமம். 1923ல் அங்கே ஒரே தெருப்புழுதியில் விளையாட இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி பள்ளிப்படிப்பை முடித்து பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர், பிறகு சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் சேர்ந்தார். கி.ரா. பள்ளிப்படிப்பை முடிக்கவே இல்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை, காசநோய். இருவருக்கும் சங்கீதப் பைத்தியம், புத்தகப் பைத்தியம். கையில் காசு இல்லை. இந்த இருவரும் டி.கே.சி.யைத் தேடிக் குற்றாலம் போனார்கள்.

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? இருவரும் இடதுசாரிகள். கி.ரா. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார், விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனார். டி.கே.சி.யோ ராஜாஜியின் நெருங்கிய நண்பர். அந்த ராஜாஜிதான் 1952ல் முதலமைச்சர் ஆனதும் கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சட்டசபையிலேயே அறிவித்தவர்! அப்படிப்பட்டவர் உட்காரும் அதே வீட்டில், அதே பாட்டைக் கேட்க, இந்த இளைஞர்களுக்கும் இடம் இருந்தது. இன்றைக்கு நம்மால் எதிர்க்கட்சிக்காரனோடு ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டை ரசிக்க முடியுமா? எனக்குத் தெரிந்த பாதிப்பேர் முதல் ஐந்து நிமிஷத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

நடுவில் ஒரு பாட்டு இருந்ததுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எதைப் பற்றியும் இல்லாமல் பேச உட்கார்ந்தால் பேச்சு ஆட்களைப் பற்றித் திரும்பிவிடும். பிறகு சண்டைதான். வட்டத்தின் நடுவே கம்பனோ, முத்தொள்ளாயிரமோ, திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியோ இருந்தபோது எல்லோருடைய கண்ணும் அங்கே இருந்தது. (கவிராயர் தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர். 18ஆம் நூற்றாண்டில் இந்தக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று பெயர்.)

சரி, புகழ்ந்தது போதும். இந்த வட்டத்தின் குறைகளையும் சொல்லாவிட்டால் இது வரலாற்றுக் கட்டுரை ஆகாது, வாழ்த்து மடல் ஆகிவிடும்.

முதல் குறை, டி.கே.சி.யின் காது. அவர் காதுக்கு ஒட்டாத பாட்டெல்லாம் கம்பன் எழுதியதே இல்லை, யாரோ இடையில் செருகியது என்று தள்ளிவிட்டார். சில பாட்டில் சொற்களையே மாற்றினார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அவர் கொண்டுவந்தது அப்படிச் சலித்து எடுத்த கம்பன்தான். ஏட்டுச் சுவடிகளை வைத்துப் பாடம் தேடுகிற பண்டிதர்களுக்குக் கோபம் வராதா? வந்தது. என் கட்சி இதில் பண்டிதர்கள் பக்கம்தான். ஒருவருடைய ரசனை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது சுவடிக்குப் பதில் ஆகாது. அடுத்த தலைமுறையில் 1959ல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கிய சி.சு. செல்லப்பா போனது வேறு வழி. ரசித்தால் மட்டும் போதாது, அலசவேண்டும் என்ற வழி. வேடிக்கை என்னவென்றால் வட்டத்தொட்டியின் பாஸ்கரத் தொண்டைமானுடைய சொந்தத் தம்பி, இடதுசாரி எழுத்தாளர் சிதம்பர ரகுநாதன். ஒரே வீட்டில் இரண்டு திசை!

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நமக்குக் கிடைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். எல்லாம் ஆண்கள். பெரும்பாலும் படித்த, வசதியான சாதிகளைச் சேர்ந்தவர்கள். அத்தனை பேருக்கும் அடுப்படியில் நின்று சமைத்தவர்கள் யாரும் வட்டத்தில் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. அருவியும் அப்போது எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. 1934ல் ஹரிஜன யாத்திரையில் காந்தி குற்றாலம் வந்தார். தீண்டாமைக்கு ஆளான மக்களை அருவியில் குளிக்க விடுவதில்லை என்று தெரிந்ததும் தானும் குளிக்காமலே திரும்பிவிட்டார். குற்றாலத்தின் பழைய பெருமையைப் பேசும்போது இதைச் சேர்த்தே பேச வேண்டும்.

இதற்கெல்லாம் அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. பேச்சுக்கு வரலாறு எழுத முடியுமா? கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது, அரசாணை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பேச்சுக்கு என்ன ஆதாரம்?

இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன் என்று ஒரு பேச்சு மன்னர். 1773ல் தன் இளம் நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லோடு ஸ்காட்லாந்து மேற்குத் தீவுகளுக்குக் குதிரையிலும் படகிலும் சுற்றுலா போனார். பாஸ்வெல் அன்றன்று பேசியதைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். அதனால் இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் ஜான்சன் பேசுவது நமக்குக் கேட்கிறது. அதே காலத்தில் லண்டன் காப்பிக் கடைகளில் ஒரு பென்னிக்குக் காப்பி வாங்கி உட்கார்ந்தால் ஊர்ப்பட்ட அறிவாளிகளின் பேச்சு இலவசம். அதில் முக்கால்வாசி காற்றோடு போய்விட்டது. டி.கே.சி.க்கு அந்த மாதிரி பாஸ்வெல் யாரும் வாய்க்கவில்லை.

ஆனால் அவர் கடிதம் எழுதினார். ஏராளமாக எழுதினார். படித்தவர்கள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கூட இங்கிலீஷில் கடிதம் எழுதிய காலம் அது. அவர் தமிழில், அதுவும் எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே எழுதினார். வட்டத்தொட்டிப் பேச்சின் தொனி கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதென்றால் அந்தக் கடிதங்களில்தான். கல்கி பத்திரிகையில் கம்பனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளும் அந்த ரகம்தான்.

இன்னொரு ஆதாரம், அங்கே வந்துபோனவர்கள் பிறகு செய்தது. 1939ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியபோது முதல் விழாவுக்கு டி.கே.சி.தான் தலைமை. 1940களில் தமிழிசைக்காகக் குரல் கொடுத்தவர்களில் ராஜாஜி, கல்கியோடு அவரும் ஒருவர். மகராஜன் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரைத் தமிழில் கொண்டுவந்தார், சாகித்திய அகாதெமிக்காக ஆங்கிலத்தில் கம்பனைப் பற்றி எழுதினார். தொண்டைமான் அரசு அதிகாரியாகத் தஞ்சாவூரில் இருந்தபோது கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டினார். 1951ல் தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமானவர் அவர்தான். பிறகு கோயில் கோயிலாகப் போய் 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். பாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்க்கக் கற்றவர், சிலையையும் அப்படியே பார்த்திருக்கிறார்.

இடைசெவல் நண்பர்கள் விஷயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அழகிரிசாமி சிறுகதை எழுதினார், கம்பனைப் பதிப்பிக்கும் வேலையில் இருந்தார், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தார். கி.ரா. முதலில் எழுதியதே கடிதங்கள்தான். நண்பனுக்குக் கரிசல் பேச்சிலேயே எழுதினார். பேசுவது போல எழுதலாம், அது குறைவான தமிழ் இல்லை என்று சொல்ல டி.கே.சி. மாதிரி ஒரு பெரியவர் இருந்தது அவருக்கு எவ்வளவு பெரிய தைரியம்! சிறுகதைக்கு அவர் வந்தது 1950களின் கடைசியில், முப்பத்தைந்து வயது வாக்கில். பிறகு 1982ல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஒரு அகராதியே போட்டார். 1989ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், பள்ளிக்கூடம் முடிக்காத அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

டி.கே.சி. 1954 பிப்ரவரி 16ல் காலமானார். அதே வருஷம் டிசம்பரில் கல்கியும் போனார். அழகிரிசாமி 1952ல் மலேயாவுக்குப் போய்த் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் இருந்துவிட்டுத் திரும்பினார். 1970 ஜூலையில், 47 வயதுகூட நிறையாமல் இறந்தார். சாகித்திய அகாதெமி பரிசு அதற்குப் பிறகுதான் வந்தது. கி.ரா.வுக்கு 1991ல் வந்தது. அழகிரிசாமியின் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து புத்தகமாகக் கொண்டுவந்தவர் கி.ரா.தான். நண்பர் போய் ஐம்பத்தோரு வருஷம் கழித்து, 2021 மே 17ல், புதுச்சேரியில் அவரும் காலமானார். உடலை இடைசெவலுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.