யோல்கா: ஒரு சொல்லும் இரு விழாக்களும்

ருஷ்ய மொழியில் 'யேல்' என்பது ஊசியிலை மரவகைகளுள் ஒன்றன் பெயர். அதன் குறுமை வடிவமே 'யோல்கா'. கிறிஸ்து பிறப்பு நாளையொட்டி வீட்டினுள் மரம் நிறுத்தி ஒப்பனை செய்யும் ஜெர்மானிய வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் ருஷ்ய நகரங்களில் பரவியபோது, இச்சொல் அம்மரத்துக்கும், பின்னர் அதனைச் சூழ்ந்து நிகழும் குழந்தைகள் விழாவுக்கும் ஆகிவந்தது. 'யோல்காவுக்குப் போதல்' என்று இன்றும் வழங்குவர். ஆங்குக் கருதப்படுவது விழாவேயன்றி மரம் அன்று. ஜெர்மன் மொழியின் 'கிறிஸ்ட்பௌம்' என்னும் பெயரில் சமயக் குறிப்பு சொல்லின் உறுப்பாகவே அமைந்துள்ளது. யோல்காவிலோ அஃது இல்லை. வேண்டுமிடத்து, 'பிறப்புவிழாவுக்குரிய' எனப் பொருள்படும் 'ரஷ்தெஸ்த்வென்ஸ்கயா' என்னும் பெயரடை முன்வரும். இச்சிறு வேறுபாடு ஒரு பெயர்ப் பூசலின் போக்கையே முடிவு செய்தது எனலாம்.

பசுங்கிளைக்கும் புத்தாண்டுக்கும் உள்ள தொடர்பு ருஷ்யாவில் இதனினும் பழையது. 1699 டிசம்பரில் முதலாம் பீட்டர் பிறப்பித்த ஆணை, ஆண்டுத் தொடக்கத்தை ஜனவரி 1ஆம் நாளுக்கு மாற்றியதோடு, வீடுகளின் முன்னே ஊசியிலைக் கிளைகளை வைக்கவும் பணித்தது. தஸ்தயேவ்ஸ்கி 1848இல் வெளியிட்ட 'யோல்காவும் திருமணமும்' என்னும் சிறுகதையில் குழந்தைகளின் விருந்து புத்தாண்டுக்கு முந்திய நாளில் நிகழ்கிறது. ஆங்கிலத்தில் இக்கதை 'கிறிஸ்துமஸ் மரமும் ஒரு திருமணமும்' என வழங்குகின்றது. மூலத்தின் தலைப்பில் இல்லாத கிறிஸ்துமஸை அங்கே நட்டவர் மொழிபெயர்ப்பாளர்! எனினும் அவரை முற்றும் குறைகூறல் தகாது. பிறப்புவிழாவைத் தொடர்ந்து வரும் 'ஸ்வியாத்கி' என்னும் திருநாள்களுள் அக்காலத்துப் புத்தாண்டும் அடங்கியிருந்தது.

இவ்வொழுங்கு 1918இல் குலைந்தது. புரட்சி அரசு கிரகோரி நாள்காட்டியை ஏற்றது. திருச்சபை பழைய யூலிய நாள்காட்டியைக் கைவிடவில்லை. ஆகவே பிறப்புவிழா ஜனவரி 7ஆம் நாளில் விழ, புத்தாண்டு அதனை முந்திக்கொண்டது. 1920களின் இறுதியில் வலுத்த சமய எதிர்ப்பு இயக்கம் யோல்காவைப் பழிக்கத் தொடங்கிற்று. மரமும் சமயமும் பிரிக்கவொண்ணாதவை என்று கொள்வதில் நாத்திகப் பிரசாரகர் பக்தர்க்குச் சிறிதும் இளைத்தவரல்லர்.

1935 டிசம்பர் 28ஆம் நாள் 'பிராவ்தா' இதழில் கட்சித் தலைவர்களுள் ஒருவராகிய பாவெல் போஸ்திஷெவ் எழுதிய சிறு கடிதம் நிலைமையை மாற்றியது. செல்வர் வீட்டு மரத்தைச் சாளரத்தின் வழியே ஏக்கத்தோடு நோக்கிய தொழிலாளர் குழந்தைகளை நினைவூட்டி, பள்ளிகளிலும் குழந்தைகள் இல்லங்களிலும் யோல்கா அமைக்குமாறு அவர் வேண்டினார். இங்கு ஆய்வாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. புரட்சிக்கு முன் செல்வர்கள் தம் மக்களுக்குப் புத்தாண்டில் மரம் வைத்தனர் என்றே அவர் எழுதுகிறார்; பிறப்புவிழாவின் பெயரை எடுக்கவே இல்லை. நிகழ்காலத்துக்குப் புதுப்பெயர் இடுவதோடு அமையாது, இறந்தகாலத்தின் பெயரையும் அவர் மாற்றிவிட்டார். தலைச்சொல் இருந்தபடியே இருக்க, பெயரடை மட்டும் 'நொவகோத்னியயா', அதாவது 'புத்தாண்டுக்குரிய', என்றாயிற்று. மர உச்சியில் பெத்லகேம் விண்மீனின் இடத்தை ஐந்துமுனைச் செவ்விண்மீன் பெற்றது. போஸ்திஷெவ் 1939இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தாண்டு யோல்கா நிலைத்துவிட்டது.

அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்து மரம் 1990களில் 'ஹாலிடே ட்ரீ' எனப்பட்டு, 2005இல் மீண்டும் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' ஆனதை இதனோடு ஒப்பிடலாம். அங்கே மாற்றுப்பெயர் வேரூன்றவில்லை. அன்றியும் 'ஹாலிடே' என்னும் சொல்லே 'புனித நாள்' என்பதன் திரிபு.

ருஷ்யாவில் ஜனவரி 7 1991 முதல் அரசு விடுமுறையாகிய பின்னர் இரு பெயரடைகளும் அருகருகே வழங்குகின்றன. ஆதலின் மொழிபெயர்ப்போர் அகராதிக்கு முன் நூலின் ஆண்டை நோக்குதல் வேண்டும். கைதாரின் 'சுக், கெக்' கதை 1939இல் வந்தது. அதில் சிறுவர்கள் அலங்கரிக்கும் மரத்தைக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்பது பிழை. அது புத்தாண்டு மரமே. கிறிஸ்துவின் யோல்காவுக்குச் சென்ற ஏழைச் சிறுவனைப் பற்றித் தஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய கதையில் 'புத்தாண்டு மரம்' என்பது அதனினும் பெரும்பிழை. 1848ஆம் ஆண்டுக் கதைக்கு மட்டும் 'யோல்கா' என்றே ஒலிபெயர்த்து, அடைமொழி எதுவும் சேர்க்காது விடுதலே நன்று.