அலகில் எழுதிய அச்சரம்

வரலாறு பேசுகிற இந்த வரிசையில் ஒரு தாதிக்கும் இடம் தந்ததற்கு நன்றி. இன்று நான் பேச வந்தது ஒரு வாளைப் பற்றி.

நான் மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிறேன். தமிழரும் பிலிப்பினோக்களும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்கிற இடம் இது. என்னோடு வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு பிலிப்பினோத் தாதியை நான் ‘ஆத்தே’ என்று கூப்பிடுவேன். அவர்களுடைய மொழியில் அக்கா. போன வருடம் அவர் வீடு மாறியபோது சாமான் கட்ட உதவிக்குப் போனேன். அலமாரியின் பின்னாலிருந்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு வாளை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய தாத்தா அமெரிக்க ஆட்சிக் காலத்தில் பிலிப்பைன் கான்ஸ்டபுலரி என்ற காவற்படையில் இருந்தவர். தெற்கே போய் வந்தபோது கொண்டுவந்ததாம். விற்கலாமா என்று ஒரு சேகரிப்பாளரிடம் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அலகில் எழுத்து இருப்பதால் விலை கூடும் என்று பதில் வந்திருக்கிறது.

அந்தப் பதில்தான் என்னைப் படிக்க வைத்தது.

அது மோரோ மக்களின் கிறிஸ். மின்டனாவோவிலும் சூலுத் தீவுகளிலும் வாழும் முஸ்லிம்களுக்கு ‘மோரோ’ என்று பேர் வைத்தவர்கள் ஸ்பானியர். தங்கள் நாட்டில் சண்டை பிடித்த ‘மூர்’ மக்களின் பெயரையே இங்கேயும் ஒட்டிவிட்டார்கள். ஜாவாவின் கிறிஸ் குத்துகிற சிறு கத்தி. மோரோ கிறிஸ் அதைவிடப் பெரியது, வெட்டுவதற்கான வாள். அலகு சிலதில் பாம்புபோல் நெளியும், சிலதில் நேராக இருக்கும், சிலதில் பாதி நெளிந்து பாதி நேராகப் போகும். பிடியோடு சேரும் இடத்தில் அலகு அகன்று, ஒரு பக்கம் யானைத் தும்பிக்கை போன்ற வளைவு தெரியும். அந்த அகன்ற பகுதியைக் ‘கங்யா’ என்பார்கள். பழைய வாள்களில் அது தனித் துண்டாகப் பொருத்தப்பட்டிருக்கும். இணைப்புக்கோடு எப்படி ஓடுகிறது என்று பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். இதே மக்களிடம் இலை வடிவ ‘பாரோங்’ உண்டு, நீண்ட ‘கம்பிலான்’ உண்டு.

ஆத்தேயின் வாளில் கங்யாவுக்கு மேலே வெள்ளிக் கம்பியை அடித்துப் பதித்த அரபு எழுத்துகள் இருந்தன. இப்படியான அலகுகளில் இறைவனின் பெயரும் வேண்டுதலும் வரும், பிறையும் நட்சத்திரமும் வரும். சில அலகுகளில் எழுத்துப்போலத் தெரிந்தும் எந்தச் சொல்லாகவும் கூடாத கோடுகள் இருக்கும். எழுதியவருக்கு அரபு தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் எழுத்துக்கே காக்கும் சக்தி உண்டு என்று நம்பியவருக்கு அதனால் குறையொன்றும் இல்லை. மலாய் உலகத்தில் இந்தக் காப்புக்கு ‘அசிமத்’ என்று பேர்.

இது நமக்குப் புதிதா? யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் என் சிநேகிதிகளின் கழுத்தில் கிடந்ததை ‘அச்சரக்கூடு’ என்றுதான் சொன்னோம். அட்சரம் என்றால் எழுத்து. எழுத்தை அடைத்துவைத்த கூடு. எங்கள் வீட்டில் அதற்குப் பதிலாக அந்தோனியார் சுரூபம். பிலிப்பைன்ஸ் கிறிஸ்தவர்களிடமும் ‘அந்திங் அந்திங்’ என்ற தாயத்து உண்டு. அதில் சிதைந்த லத்தீன் சொற்களைப் பொறித்திருப்பார்கள். மோரோ வாளின் எழுத்தைப் பார்த்து மூடநம்பிக்கை என்று நகைக்க எனக்கு வாய் வராது.

அடுத்த கேள்வி, இந்த வாள்கள் எப்படிச் சேகரிப்புகளுக்கு வந்தன என்பது. 1898இல் பாரிஸ் ஒப்பந்தப்படி ஸ்பெயின் 2 கோடி டொலருக்குப் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் கொடுத்தது. தெற்கே இருந்த மோரோக்களை யாரும் கேட்கவில்லை. 1906 மார்ச்சில், ஹோலோ தீவின் புட் டாஹோ என்ற அணைந்த எரிமலையின் வாயில் ஒதுங்கியிருந்த மக்களை லெனர்ட் வுட் தலைமையிலிருந்த படைகள் தாக்கின. பெண்களும் பிள்ளைகளும் உட்பட 600க்கும் 1,000க்கும் இடையில் மோரோக்கள் இறந்தார்கள். கான்ஸ்டபுலரியும் அந்தத் தாக்குதலில் இருந்தது. மார்க் ட்வெய்ன் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார், ஆனால் அது அவர் உயிரோடிருந்தபோது வெளிவரவில்லை. 1911இல் ஜோன் பெர்ஷிங், துப்பாக்கி வைத்திருப்பதையும் போர்வாள் ஏந்தி நடமாடுவதையும் தடைசெய்து ஆணையிட்டார். 1913 ஜூனில் புட் பாக்சாக்கில் மறுபடியும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த வருடங்களில் சிப்பாய்களும் அதிகாரிகளும் எடுத்துச்சென்ற வாள்கள்தான் பிறகு ஏலத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போனவற்றில் பெரும்பகுதி.

நம்முடைய வாள்களுக்கும் இதே கதைதான். தஞ்சை மராத்திய அரசு 1855இல் வாரிசில்லை என்று சொல்லிப் பறிக்கப்பட்ட பிறகு, அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. யாளி முகம் செதுக்கிய பிடிகளும் கட்டாரிகளும் கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிகுதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். தப்பியவை உலகமெல்லாம் சிதறின. ஜோர்ஜ் கமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கர் 1934இல் ஆயுதங்களுக்கு ஒரு பெரிய அகராதி எழுதி, அடுத்த வருடம் இறந்தார். தன் சேகரிப்பை நியூயோர்க்கின் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். அதில் மோரோ கிறிஸ்களும் உண்டு, தஞ்சாவூர்க் கட்டாரிகளும் உண்டு. பட்டியலில் நாடு இருக்கிறது, நூற்றாண்டு இருக்கிறது, கொடுத்தவர் பேர் இருக்கிறது. பிடித்திருந்தவர் பேர் பெரும்பாலும் இல்லை.

சத்திரசிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் உடம்பிலிருக்கும் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். நூலோ அச்சரக்கூடோ ஜெபமாலையோ, கழற்ற மாட்டேன் என்று கையைப் பொத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் கண்முன்னாலேயே ஓர் உறையில் போட்டு, பேரை எழுதி, ‘விழித்ததும் இது உங்கள் கையில் இருக்கும்’ என்று சொல்வேன். அந்தப் பேர் இல்லாவிட்டால் அது வெறும் நூல்தான். காப்பு என்பது ஒருவருக்காகச் செய்வது. ஆத்தேயின் வாளிலும் யாரோ ஒருவருக்காக, அவர் உயிரோடு திரும்பி வரவேண்டும் என்று யாரோ வெள்ளி பதித்திருக்கிறார்கள். விலை கூடும் என்று சேகரிப்பாளர் சொன்னது அந்த வேண்டுதலுக்குத்தான்.

பழைய வாள் சேர்ப்பது பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. சேர்த்தவர்கள் இல்லாவிட்டால் தஞ்சாவூர் இரும்புபோல இதுவும் உருகிப்போயிருக்கும். கங்யாக் கோட்டை அத்தனை நுணுக்கமாய்ப் பார்க்கிறவர்கள், எந்த ஊரில், எந்த வருடம், யார் கையிலிருந்து யார் கைக்கு என்பதையும் எழுதிவைக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதை ஆத்தேயிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. ‘தாத்தா இதை வாங்கினாரா, எடுத்தாரா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை’ என்றார். பிறகு தாத்தாவின் பேரையும், அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதையும், தனக்குத் தெரிந்த வருடங்களையும் ஒரு கடதாசியில் எழுதினார். கடைசி வரியில் ‘உரியவர்’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டார். வாளோடு சேர்த்துச் சுற்றினோம். இன்னும் விற்கவில்லை. புதிய வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால், தெரிந்ததை இன்றைக்கே எழுதி வையுங்கள்.