முத்திரையிட்ட கடிதம்

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்பது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சிதைத்துவிடும் நோய். சிதைவு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்குப் பார்வை மங்கும், ஒருவருக்குக் கால் துவளும், வேறொருவருக்கு விரல் மரத்துப்போகும். பலருக்கு இவை சில வாரங்களில் தாமாகவே விலகி, மறுபடி தலைகாட்டும். இந்தக் கண்ணாமூச்சியால், தன் நோய் இன்னதென்று நோயாளி தெரிந்துகொள்வதே நெடுங்காலம் அரிதாக இருந்தது.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரனான ஆகஸ்டஸ் டெஸ்டேக்குக் கடைசிவரை அது தெரியவில்லை. 1822 டிசம்பரில் உறவினர் ஒருவரைக் காண ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் போனார்; போய்ச் சேர்ந்தபோது அந்த உறவினர் இறந்திருந்தார். அடக்கம் முடிந்த கையோடு டெஸ்டேயின் கண் மங்கியது. தனக்கு வந்த கடிதங்களைப் பிறரைப் படிக்கச் சொல்லித்தான் கேட்டார். பார்வை தானாகவே தெளிந்தது. 1827இல் ஃபிளாரன்ஸ் நகரில் பொருளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பித்தம் என்று கருதி அட்டை விட்டார்கள். பித்தம் என்று கருதி அட்டை விட்டார்கள். லண்டன் மருத்துவர் ஒருவர் நாளுக்கு இருவேளை மாட்டிறைச்சியும் ஷெர்ரி மதுவும் விதித்தார். ஜெர்மனியின் ட்ரீபுர்க்கில் இரும்புச்சத்து நீரில் குளித்தார். எல்லாவற்றையும் நாட்குறிப்பில் பொறுமையாக எழுதிவைத்துவிட்டு 1848இல் இறந்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1948இல், டக்ளஸ் ஃபர்த் அந்தக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார்; அவற்றிலிருந்து நோயை இனம்காட்டியவரும் அவரே.

நோயை முதலில் கண்டது பிணப்பரிசோதனை மேசைதான். ராபர்ட் கார்ஸ்வெல், ஜான் க்ரூவேயே இருவரும் தண்டுவடத்தில் படிந்த தழும்புகளைப் படமாக வரைந்தார்கள். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஜான் மார்ட்டின் ஷார்க்கோ 1868இல் அத்தழும்புகளை உயிரோடிருப்பவரின் அறிகுறிகளோடு பொருத்தி, இது தனி நோய் என்று நிறுவினார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. ஆகவே பெயரை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே கருணை என்ற வழக்கம் மருத்துவர்களிடையே நிலவியது.

அந்த வழக்கத்துக்கு அகப்பட்டவர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த புரூஸ் கம்மிங்ஸ். 1915 நவம்பரில், போர்க்காலத்தில், படைக்கான உடற்பரிசோதனைக்குப் போனார். அவருடைய மருத்துவர் கொடுத்தனுப்பிய முத்திரையிட்ட கடிதம் கையில் இருந்தது. படை மருத்துவர் அதைப் பார்க்காமலே தகுதியில்லை என்று திருப்பியனுப்ப, வீடு திரும்பும் ரயிலில் அவரே பிரித்துப் படித்தார். நோயின் பெயர் அதில் இருந்தது. அவருக்குத் திருமணமாகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. திருமணத்துக்கு முன்பே மணப்பெண்ணிடம் விஷயம் சொல்லப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. கருணை என்று வைத்துக்கொண்டாலும், ஊரறிந்ததை உரியவன் மட்டும் அறியாத கருணை அது. பார்பெல்லியன் என்ற புனைபெயரில் 1919இல் அவர் நாட்குறிப்பு அச்சேறியது. அதே ஆண்டு அக்டோபரில், முப்பதாவது வயதில், காலமானார்.

செல்லோ கலைஞர் ஜாக்லின் டு ப்ரேயின் துன்பம் வேறு வகை. விரல் நுனி மரத்துப்போக, அது மன அழுத்தம் என்று சொல்லப்பட்டது. தந்தியைத் தொட்டுணர முடியாமல், விரல் விழும் இடத்தைக் கண்ணால் பார்த்து வாசிக்க வேண்டிவந்தது. 1973 அக்டோபரில், 28 வயதில், நோய் உறுதியானது. இப்படி அலைக்கழிந்தவர்கள் பலருக்கு அச்சத்தோடு ஒரு நிம்மதியும் சேர்ந்தே வந்தது. தாம் பாசாங்கு செய்யவில்லை என்று ஊருக்குக் காட்ட ஒரு பெயர் இருந்ததே!

1980களில் எம்.ஆர்.ஐ. வந்தபின் தழும்புகளை உயிரோடிருப்பவரின் மூளையிலேயே படமெடுக்க முடிந்தது. 1993இல் அமெரிக்காவில் இன்டர்ஃபெரான் பீட்டா மருந்து அனுமதி பெற்றதும், பெயரை மறைப்பதற்குச் சொல்லப்பட்டுவந்த காரணம் வலுவிழந்தது. 2001இல் வகுக்கப்பட்ட மெக்டொனால்ட் அளவுகோல், முதல் தாக்குதலுக்குப் பின் எடுக்கும் அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் புதுத் தழும்பு தெரிந்தாலே நோயை உறுதிசெய்ய இடமளித்தது. இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்கும் கட்டாயம் நீங்கியது.