சம்பளமில்லாத வேலைக்கு 8,760 வருகைப் பதிவுகள்!

வருடத்துக்கு 365 நாள். நாளைக்கு 24 மணி நேரம். பெருக்கினால் 8,760 மணி நேரம். இதில் ஒவ்வொரு மணிக்கும், ராத்திரி பகல் பாராமல், எழுந்து போய் ஒரு அட்டையில் நேரத்தைப் பதிய வேண்டும். சம்பளம் கிடையாது. எந்தப் பொருளும் உற்பத்தியாகாது. யாராவது இந்த வேலைக்குப் போவார்களா?

ஒருவர் போனார். அவர் பெயர் டெசிங் ஷியே.

1950-ல் தைவானில் பிறந்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு ஓவியம் வரைந்தார். பிறகு அதையும் விட்டார். 1973-ல் கலை என்று சொல்லி மாடி ஜன்னலிலிருந்து குதித்தார். இரண்டு கணுக்கால்களும் உடைந்ததுதான் மிச்சம்! அடுத்த வருடம் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, அமெரிக்காவில் பிலடெல்பியா அருகே கப்பலை விட்டுத் தப்பி, நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கையில் குடியேற்ற ஆவணம் எதுவும் இல்லை. பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். நேரமெல்லாம் வீணாகிறதே என்ற கவலை அவரை அரித்தது. கடைசியில் அந்த நேரத்தையே கலையாக்கிவிட்டார்.

முதலில் கூண்டு. 1978 செப்டம்பரிலிருந்து ஒரு வருடம் தன் அறைக்குள் தானே கட்டிய கூண்டில் இருந்தார். பேச்சு, படிப்பு, எழுத்து, வானொலி, தொலைக்காட்சி எதுவும் இல்லை. நண்பர் ஒருவர் தினமும் சாப்பாடு கொண்டுவந்தார்.

அடுத்து வந்ததுதான் மேலே சொன்ன வேலை. 1980 ஏப்ரல் 11-ல் தலையை மொட்டையடித்து, தொழிலாளி சீருடை போட்டு, தொழிற்சாலைகளில் இருக்கும் வருகைப் பதிவு இயந்திரத்தின் முன் நின்றார். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படம். எல்லாப் படங்களையும் சேர்த்து ஓட்டினால் ஒரு வருடம் சுமார் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முடி மட்டும் தோள் வரை வளர்ந்துகொண்டே போகிறது!

ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்க முடியாத அந்த வருடத்தில் 133 பதிவுகள் தவறின. அதை அவர் மறைக்கவில்லை. தூங்கிப்போனது 94, தாமதம் 29, முன்கூட்டியே பதிந்தது 10 என்று கணக்குக் காட்டினார். எந்த முதலாளியும் கேட்காத கணக்கு அது.

1981-82-ல் ஒரு வருடம் எந்தக் கூரைக்குள்ளும் நுழையாமல் நியூயார்க் தெருக்களிலேயே வாழ்ந்தார். போலீஸ் பிடித்து உள்ளே வைத்த சுமார் 15 மணி நேரம் மட்டும் விதிவிலக்கு. 1983-84-ல் லிண்டா மொண்டானோ என்ற கலைஞருடன் எட்டடிக் கயிற்றால் இடுப்பில் பிணைத்துக்கொண்டு ஒரு வருடம். ஒருவரையொருவர் தொடக்கூடாது என்பது விதி. அதன்பின் ஒரு வருடம் கலையின் பக்கமே போகவில்லை. 1986 டிசம்பர் 31 முதல் பதின்மூன்று வருடம் கலை செய்வார், ஆனால் யாருக்கும் காட்டமாட்டார் என்று அறிவித்தார். 2000 பிறந்ததும் அவர் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: உயிரோடு இருந்தேன்.

கிறுக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 1988-ல் பொதுமன்னிப்பு கிடைக்கும்வரை 14 வருடம் அவர் சட்டவிரோதக் குடியேறி. அமெரிக்கப் பதிவேடுகளில் இல்லாத ஒரு மனிதன், தான் இருந்ததை மணிக்கு மணி தானே பதிந்துவைத்தான். 2009-ல் அந்த அட்டைகளும் படங்களும் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன.

பாத்திரம் கழுவிய நேரத்துக்குக் கூலி உண்டு. வாழ்ந்த நேரத்துக்கு? அந்தப் பேரேட்டைத்தான் ஷியே எழுதிப் பார்த்தார்.