அப்பத்தாவுக்குப் பின்னால் ஒரு கமா

கல்லூரி இரண்டாம் ஆண்டில் பைத்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது நான் எழுதிய முதல் உருப்படியான நிரல், ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாருக்கெல்லாம் போன் போடணும்னு நினைவூட்டுவது. அதில் ஒரே ஒரு டியூப்பிள்: ("ஐயா", "அப்பத்தா"). ஒரு ஃபார் லூப் அதைச் சுற்றிவந்து வரிக்கு ஒருவராகக் காட்டும். இரண்டு வரிக்கு எதுக்குடா நிரல்னு அறைத்தோழன் சிரிப்பான்.

மூன்றாம் ஆண்டில் ஐயா தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து விடுதிக்குத் திரும்பிய ஞாயிறு, நிரல் வழக்கம்போல இரண்டு பேரையும் காட்டியது. ஐயாவை எடுத்தேன். அவரோடு சேர்த்துக் கமாவையும் எடுத்தேன். மிச்சம் ("அப்பத்தா"). ஓடவிட்டால் எட்டு வரிகள். அ, ப, தனியாக ஒரு புள்ளி, ப, த, மறுபடி ஒரு புள்ளி, த, கடைசியில் ஒரு துணைக்கால். உட்கார எழுத்து இல்லாத புள்ளிகள் வெறும் வட்டத்தின் தலையில் நின்றன. அன்றைக்கு இருந்த மனநிலையில் அதைப் பார்க்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

பிறகு யோசித்தபோது அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. அடைப்புக்குறி போட்டும் அது ஏன் டியூப்பிள் ஆகவில்லை? அப்பத்தா ஏன் எட்டாக உடைந்தாள்?

முதல் கேள்விக்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போகணும். அங்கே சிடபிள்யூஐ என்கிற ஆய்வு நிறுவனத்தில், நிரலாளர் அல்லாதவர்களும் எழுதக்கூடிய மொழி ஒன்றை லியோ கெர்ட்ஸ், லாம்பெர்ட் மீர்டென்ஸ், ஸ்டீவன் பெம்பர்டன் ஆகியோர் உருவாக்கினார்கள். பெயர் ஏபிசி. அதில் தரவு வகைகள் மொத்தமே ஐந்து. எழுத்துகளுக்கு ஒரு வகை, வெவ்வேறு பொருள்களைக் கட்டிவைக்க 'காம்பவுண்ட்' என்று இன்னொரு வகை, அப்புறம் எண், பட்டியல், அட்டவணை. அந்தக் குழுவில் வேலை பார்த்தவர்தான் கைடோ வான் ராசம். ஏபிசி பெரிதாகப் பரவவில்லை. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் பைத்தானைத் தொடங்கியபோது ஏபிசியின் பல பழக்கங்களைக் கையோடு கொண்டுவந்தார். 1991 பிப்ரவரியில் 0.9.0 வெளியானது. ஏபிசியின் காம்பவுண்டுதான் பைத்தானில் டியூப்பிள் ஆனது.

அந்த வம்சத்தில் அடைப்புக்குறிக்கு வேலை கம்மி. பள்ளிக் கணக்கில் (5) என்றாலும் 5 என்றாலும் ஒன்றுதானே? பைத்தானிலும் அப்படியே. ("அப்பத்தா") என்பது வெறும் "அப்பத்தா", அதாவது ஒரு ஸ்ட்ரிங். டியூப்பிளை உண்டாக்குவது கமா. அடைப்புக்குறியே இல்லாமல் "ஐயா", "அப்பத்தா" என்று எழுதினால்கூட டியூப்பிள்தான். ஒரே ஆள் இருந்தால் ("அப்பத்தா",) என்று எழுதணும். பின்னால் யாருமே வராத கமா. முதல்முறை பார்க்கும்போது எழுத்துப்பிழை மாதிரிதான் இருக்கும். டியூப்பிள் காலியாக இருக்கும்போது மட்டும் விலக்கு: அங்கே பிரிக்க எதுவும் இல்லாததால் வெறும் () போதும்.

ஸ்ட்ரிங், டியூப்பிள் இரண்டையும் ஃபார் லூப் சுற்றிவரும். இரண்டிலும் சுழியத்திலிருந்து எண் போட்டு எடுக்கலாம். இரண்டுமே உருவான பிறகு மாறாது. ஒரு எழுத்தைத் திருத்த நினைத்தால் புது ஸ்ட்ரிங்தான் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். பிழைச்செய்தி வராமல் என் நிரல் எட்டு வரி காட்டியதற்கு இந்த ஒற்றுமைதான் காரணம். எனக்கு எரிச்சல் அதில்தான். பிழைன்னு ஒரு வரி கத்தியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. ஸ்ட்ரிங்குக்குக் கலைச்சொல் 'சரம்'. பொருத்தமான சொல், மல்லிகைச் சரத்தில் மல்லிகை மட்டும்தான். சி மொழியில் ஒற்றை எழுத்துக்குத் தனி வகை உண்டு, பைத்தானில் கிடையாது. ஸ்ட்ரிங்கிலிருந்து ஒன்றை எடுத்தால் அதுவும் ஒரு ஸ்ட்ரிங்தான், நீளம் ஒன்று. டியூப்பிள் வேறு ஜாதி. அதை அப்பத்தாவின் அஞ்சறைப் பெட்டின்னு வைத்துக்கொள்கிறேன். கடுகு, சீரகம், வெந்தயம் எதுவும் இருக்கலாம், எந்த அறையில் எது என்பது முக்கியம். பெட்டிக்கு ஆறாவது அறை முளைக்காது. ஆனால் அறைக்குள் ஒரு கிண்ணம் இருந்தால் அதில் இன்னும் கொஞ்சம் கடுகு போடலாம். அதாவது டியூப்பிளுக்குள் ஒரு லிஸ்ட் இருந்தால் அந்த லிஸ்ட் மாறும். ஸ்ட்ரிங்கில் அந்தச் சந்துகூட இல்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் பைத்தானில் இல்லை. 1991-லேயே, அக்டோபரில், யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது. தமிழ் அதில் உண்டு. இந்திய எழுத்துகளின் அமைப்பை அது 1988-ன் இஸ்கி தரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பல இந்திய எழுத்துமுறைகளை ஒரே கட்டத்தில் அடுக்குவது இஸ்கியின் திட்டம். அதனால் அகரம் ஏறிய 'ப' அடிப்படை எழுத்தாகிவிட்டது. 'ப்' என்பது ப-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். நம் இலக்கணம் நேர் எதிர். மெய்தான் அடிப்படை, அதில் அகரம் சேர்ந்தால்தான் 'ப'. கணினியில் மெய்க்கு அகரம் ஏறிய உயிர்மெய்யைவிட நீளம் அதிகம்!

இதற்கு மாற்றுகளும் வந்தன. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16-ஐயும் ஏற்றது. ஆனால் உங்கள் போனிலும் என் போனிலும் இருப்பது யூனிகோடுதான்.

பைத்தான் 2 காலத்தில் நிலைமை இன்னும் மோசம். சாதாரண ஸ்ட்ரிங் என்பது பைட்டுகளின் வரிசை. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக அப்பத்தாவின் நீளம் 24. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 எல்லா ஸ்ட்ரிங்கையும் யூனிகோடாக்கியது. 24 எட்டானது. எட்டுக்கும் கீழே பைத்தான் தானாக இறங்காது. தமிழ் எழுத்து எங்கே முடிகிறது என்று அதற்கு யாராவது சொல்லணும். ஓப்பன்-தமிழ் நூலகம் அதைச் செய்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் முழு எழுத்துகளாகப் பிரித்து லிஸ்டாகத் தரும். அதை டியூப்பிள் ஆக்கினால் ("அ", "ப்", "ப", "த்", "தா"). எது ஓர் எழுத்து என்று நாம் முடிவுசெய்து ஒவ்வொரு அறையிலும் வைக்கலாம். ஸ்ட்ரிங்கில் அந்த முடிவு யூனிகோடுடையது.

அடுத்த ஞாயிறு போனில் அப்பத்தாவிடம் கேட்டேன், "அப்பத்தாங்கிறதுல எத்தனை எழுத்து?" மூணாவதோடு படிப்பை நிறுத்தியவள். மறுமுனையில் விரல் விட்டு எண்ணியிருப்பாள்போல, முணுமுணுப்புக் கேட்டது. "அஞ்சு. எதுக்குக் கேக்குற? சாப்ட்டியா?"

போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்து, கமாவைப் போட்டு ஓடவிட்டேன். ஒரு வரி வந்தது.